சிறு விபத்தும் ஓர் அட்டையும்

போர் வரலாறு எழுதுவோர், குண்டு பொழிந்த விமானங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதுகின்றனர். அவற்றை ஓட்டிய இளைஞர்களுக்கு முதற்பாடம் புகட்டிய பயிற்சி விமானங்களுக்கோ ஒரு வரியும் ஒதுக்குவதில்லை. அலிஃப், பே ஓதிக்கொடுத்த லெப்பையை மறந்துவிட்டுப் பட்டமளித்த கல்லூரியை மட்டும் நினைவு கூர்வது போன்றதே இது.

அத்தகைய முதலாசிரியர்களுள் ஒன்று ‘டைகர் மாத்’. 1931இல் முதன்முதலாகப் பறந்த இந்த ஈரடுக்குச் சிறகு விமானத்தின் உடல் எஃகுக் குழாய்களால் ஆனது. சிறகுகள் மரச்சட்டங்களால் ஆனவை. அவற்றின் மேல் துணி போர்த்தி, பசைக்குழம்பு பூசி இறுக்கியிருந்தனர். இயந்திரத்தின் ஆற்றல் 130 குதிரைத்திறன். கூரையற்ற இரு இருக்கைகள். ஆசிரியர் முன்னே, மாணவர் பின்னே. இருவரும் பேசிக்கொள்ள ஒரு குழாய். இரண்டாம் உலகப் போரின்போது ஹைதராபாத்தின் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் இருந்த தொடக்கப் பயிற்சிப் பள்ளிகளில் நம் நாட்டு இளைஞர்கள் இதில் ஏறியே பறக்கப் பழகினர்.

தறியோசை கேட்டே பொழுது விடியும் பிள்ளையார்பாளையத்தில் வாழும் நமக்கு, துணியால் ஆன சிறகு என்ற செய்தி தனி நெருக்கம் தருகிறது. அவ்விமானத்தில் சக்கரத் தடை கிடையாது. மென்மண்ணில் இறங்கினால் மூக்கு குத்திச் சுழல்விசிறி முறியும்; காற்று குறுக்கிட்டால் சிறகு நுனி தரையில் உரசித் துணி கிழியும். பணிமனையார் முறிந்த சட்டத்தை மாற்றி, கிழிசலைத் தைத்து, மேலொட்டுப் போட்டுப் பசை பூசுவர். விமானம் மீண்டும் ஒரு மாணவனைச் சுமந்து எழும்பும். நம் தெரு நெசவாளரும் இழை அறுந்தால் முடிந்துவிட்டு மேலே நெய்கிறார். ஓர் இழைக்காகப் பாவு முழுவதையும் அறுத்தெறிபவர் எவருமிலர்.

பிரிட்டிஷ் விமானப்படை ஒவ்வொரு விமானத்துக்கும் பணி அட்டை ஒன்று வைத்திருந்தது. விபத்துகளுக்கெனத் தனி அட்டையும் உண்டு. நாள், நேர்ந்தது, காரணம், சேதத்தின் அளவு ஆகியன அதில் சுருக்கமாக இடம்பெறும். சிறு சேதம் சிறு சேதமென்றே எழுதப்பட்டது; அது மறைக்கப்படவுமில்லை, பெருக்கப்படவுமில்லை. கடன் சிறிதாயினும் எழுதி வைக்கப் பணிக்கும் திருமறையை ஓதுகின்ற நமக்கு இந்த ஒழுங்கு புதிதன்று. நம் தோள்களின் இருபுறமும் எழுதுவோர் இருக்கின்றனர் என்று நம்புகிறவர்கள் நாம். அந்த ஏட்டோடு தவ்பாவின் வாயிலையும் இறைவன் திறந்தே வைத்துள்ளான்.

ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் சிறகு கட்டிப் பறந்து, இறங்கும்போது முதுகில் அடிபட்டார். பின்னாளில் இச்செய்தியை எழுதிய அல்மக்கரீ, வால் அமைக்காமையே காரணமென்றும், பறவை வாலின் துணையால் இறங்குவதை அவர் கவனிக்கவில்லையென்றும் குறித்துள்ளார். முயற்சியையும் அதன் குறையையும் ஒருசேரப் பதிந்த அந்தப் பேனா பெருமைக்குரியது.

நம் இல்லங்களில் நடப்பதென்ன? பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிய மகனை அடுத்த மாதமே கடையில் நிறுத்திவிடுகிறோம். மகள் தவறினாலோ, படிப்புக்கு அத்துடன் முற்றுப்புள்ளியிட்டுத் திருமணப் பேச்சைத் தொடங்குகிறோம். சில வீடுகளில் தோல்வியையே வெளியே சொல்லாமல் மூடிவிடுகின்றனர். காரணம் ஆராயப்படாததால் அடுத்த முறையும் அதே பாடத்தில் அப்பிள்ளை இடறுகிறது. மூக்கு குத்திய விமானத்தைப் பழைய இரும்புக்குப் போடுவதும், கிழிசலைத் தைக்காமல் பறக்க விடுவதும் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. ஒன்று வாய்ப்பைப் பறிக்கிறது. மற்றது உயிரையே பறிக்கும்.

துணிச் சிறகுகளின் காலத்தில் பறக்கக் கற்று, 1942இல் விமானப்படை அதிகாரியானவர் ஹைதராபாத்தின் இத்ரீஸ் ஹசன் லத்தீப். அவரே 1978 முதல் 1981 வரை இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார். பழுது பார்க்கப்பட்ட டைகர் மாத் ஒன்று 2012இல் விமானப்படை நாள் விழாவில் மீண்டும் வானேறியது. நமக்கு அணித்தேயுள்ள தாம்பரத்தில், பறக்கக் கற்பிப்போருக்கே கற்பிக்கும் பள்ளி 1954 முதல் இயங்கி வருகிறது.

பெற்றோரும் பயிற்றுநரே. பிள்ளையின் சறுக்கலை உள்ளபடி எழுதுவோம், காரணத்தை அருகில் குறிப்போம், கிழிந்ததைத் தைப்போம். பின்னர் பிஸ்மில்லாஹ் கூறி, மறுபடியும் ஓடுபாதைக்கு அனுப்புவோம்.