வெற்று உறைகளின் விலை

பொருளின் பெயரை விடப் பெரிய எழுத்தில் "நிச்சயப் பரிசு" என்று அச்சிட்ட பைக்கற்றுகளை எந்தச் சில்லறைக் கடையிலும் காணலாம். பால்மா, சவர்க்காரம், தேயிலை, பிஸ்கட் என எல்லாவற்றிலும் ஏதோ ஒரு சலுகை ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தச் சலுகையைக் கடையிலேயே தந்துவிட்டால் பேச்சில்லை. பத்து ரூபா குறைவென்றால் பத்து ரூபாவைக் குறைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். ஆனால் "உறைகளைச் சேர்த்துத் தபாலில் அனுப்புங்கள், பிறகு தருகிறோம்" என்பது வேறு வகை. அதில் பணம் இன்றே நம் கையை விட்டுப் போகிறது. பதிலுக்கு ஒரு வாக்கு மட்டுமே கிடைக்கிறது.

எங்கள் வீட்டுக்கும் அப்படியொரு வாக்கு வந்தது. ஒரு பால்மாக் கம்பனி, 400 கிராம் பைக்கற் உறைகள் எட்டை அனுப்பும் ஒவ்வொருவருக்கும் பாடசாலைப் பை ஒன்று தருவதாக அறிவித்திருந்தது. தம்பி தரம் 6க்குப் போகவிருந்தான். நாங்கள் வழக்கமாக வாங்கும் பால்மாவை விட அது பைக்கற்றுக்கு 40 ரூபா கூட. வீட்டுச் செலவுகளை எழுதும் கொப்பியில் உம்மா கணக்குப் பார்த்தார். எட்டுப் பைக்கற்றுக்கு 320 ரூபா மேலதிகம். 320 ரூபாவுக்குக் கண்டியில் ஒரு பை வாங்க முடியாது. ஆகவே இலாபம்தான் என்று தீர்மானித்தார். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

நிபந்தனைகள் உறையின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தன. நான்தான் வாசித்துச் சொன்னேன். பார்கோட் கிழியாமல் வெட்ட வேண்டும். அடையாள அட்டையின் பிரதி வேண்டும். கடைப் பற்றுச்சீட்டு மூலப் பிரதியாகவே இருக்க வேண்டும். பதிவுத் தபால் ஏற்கப்படமாட்டாது. பரிசு கிடைக்கப் பன்னிரண்டு வாரங்கள் வரை ஆகலாம்.

பற்றுச்சீட்டு கேட்டபோது கடைக்காரர் சிரித்தார். "பால்மாவுக்கு என்னத்துக்கு ராத்தா பில்லு?" என்றார். ஆனாலும் உம்மா ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கினார். எட்டு உறைகளையும் கழுவித் துடைத்து, வெட்டி, அடுக்கி, ஹுன்னஸ்கிரிய தபாலகத்தில் முத்திரை ஒட்டிச் சேர்த்தார்.

எங்கள் வீதியில் மஹியங்கனைப் பக்கம் இறங்கினால் பதினெட்டு வளைவு வரும். அந்த நிபந்தனைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த வளைவுகள்தான் ஞாபகம் வந்தன. ஒவ்வொரு வளைவிலும் சிலர் இறங்கிவிடுகிறார்கள். ஒருவருக்குப் பற்றுச்சீட்டு இல்லை, இன்னொருவருக்கு ஆங்கிலம் தெரியாது, மற்றவருக்குத் தபாலகம் போக நேரமில்லை. எல்லா வளைவையும் கடந்து போய்ச் சேர்பவர்கள் கொஞ்சப் பேர்தான்.

உம்மா எல்லாவற்றையும் கடந்தார். பை வரவில்லை. முதல் தடவை தொலைபேசி எடுத்தபோது "காத்திருங்கள்" என்றார்கள். இரண்டாம் தடவை "உங்கள் கடிதம் பதிவில் இல்லை" என்றார்கள். பதிவுத் தபாலைத் தடுத்தவர்களே அனுப்பியதற்கு ஆதாரம் கேட்டார்கள். மூன்றாம் தடவை "சலுகைக் காலம் முடிந்துவிட்டது" என்றார்கள். தம்பி என்னுடைய பழைய பையோடு தரம் 6க்குப் போனான்.

"விடு மகள், 320 ரூபாக்கு யாரோட சண்டை புடிக்கிற?" என்றார் உம்மா.

இந்த ஒரு வசனத்தை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது என்பது பின்னர் வாசித்துத் தெரிந்துகொண்ட விடயம். அமெரிக்காவில் இதே முறை பெரிய அளவில் நடந்தது. கணினி போன்ற பொருள்களை முழு விலைக்கு வாங்கி, பற்றுச்சீட்டையும் பெட்டியில் வெட்டிய பார்கோட்டையும் தபாலில் அனுப்பினால், விலையில் ஒரு பகுதி காசோலையாகத் திரும்பி வரும். எவரும் கேட்டு வராமல் கம்பனியிடமே தங்கிவிடும் தொகைக்கு வியாபாரத்தில் 'பிரேக்கேஜ்' என்று ஒரு பெயரே உண்டு. நாம் மறப்பதும் சலிப்பதும் அவர்களின் கணக்கில் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கின்றன. 2005ஆம் ஆண்டு, இவ்வாறு வாக்களித்த தொகைகள் உரிய காலத்தில் கொடுக்கப்படாததால், கொம்ப்யூஎஸ்ஏ என்ற விற்பனை நிறுவனத்தின் மீது அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டில் பெஸ்ட் பை என்ற பெரிய நிறுவனம், வாடிக்கையாளரின் அதிருப்தி காரணமாக இம்முறையைப் படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்தது. முணுமுணுப்போடு நிற்காமல் மக்கள் கேட்டதன் விளைவு அது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வியாபாரி கடமைப்பட்டவர் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே உம்மா கடையில் கேட்டது தயவு அல்ல, உரிமை. அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், பொருள் விற்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். கம்பனி காத்திருக்கச் சொன்னது பன்னிரண்டு வாரங்கள். அது ஏறத்தாழ அதே மூன்று மாதம்! அவர்கள் சொன்னபடி நாம் பொறுமையாக இருந்து முடிக்கும்போது, சட்டத்தின் கதவும் மூடப்படும் நேரம் வந்துவிடுகிறது. பிறகு தருவதாகச் சொல்லும் சலுகைகளுக்கு, வாங்கிய நாளிலிருந்து அல்லாமல், தருவதாகச் சொன்ன நாளிலிருந்து காலத்தை எண்ணுவதே நியாயம். சட்டம் படிக்கப் போகும் சகோதரிகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவையில் மோசடி செய்வோரைப் பற்றி அல்குர்ஆனில் ஒரு தனி அத்தியாயமே உண்டு. தமக்கு வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களை ஸூரத்துல் முதஃப்பிஃபீன் கண்டிக்கிறது. தராசுக்கு மட்டுமா அது பொருந்தும்? முழு விலையை எண்ணி வாங்கிக்கொண்டு, வாக்கை மட்டும் குறைத்துக் கொடுப்பவர்களுக்கும் பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

320 ரூபா சிறிய தொகைதான். ஆனால் அது எங்கள் வீட்டுக் கொப்பியில் உம்மா முட்டை வாங்காமல் விட்ட நாட்களின் தொகை. ஆயிரம் வீடுகளில் ஆயிரம் உம்மாமார் "விடு மகள்" என்று சொன்னால், அது மூன்று இலட்சத்து இருபதாயிரம் ரூபா. ஆகவே தோழியரே, உறையை வெட்டுமுன் அதை இரு பக்கமும் படமெடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய திகதியை எழுதுங்கள். மூன்று மாதம் முடியுமுன் கேளுங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த மகள்மார் நாங்கள் இருக்கும்போது, எங்கள் உம்மாமார் ஏன் வாய் மூடி இருக்க வேண்டும்?