கண்டியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?

கண்டியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்னும் வினாவுக்குப் பூமிசாத்திரம் பயிலும் மாணவர் தேசப்படத்தைக் கொண்டே விடை கூறிவிடலாம். இரு நகரங்களும் 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டை அடுத்தே உள்ளன. ஆகவே சென்னை நமக்கு ஏறக்குறைய நேர் வடக்கு. கண்டி 7.3 பாகை வட அகலக்கோட்டிலும், சென்னை 13.1 பாகையிலும் அமைந்துள்ளன. பாகை ஒன்றுக்கு 111 கிலோமீற்றராகப் பெருக்கினால் சுமார் 645 கிலோமீற்றர் கிடைக்கும்.

எனினும், கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் குன்றுகள் சூழ அமைந்த ஊர். பெரிய பயணிகள் விமானத்துக்கு வேண்டிய நீண்ட, சமதளமான ஓடுபாதைக்கு இங்கே இடமில்லை. எனவே வடக்கே செல்ல வேண்டிய நாம் முதலில் மேற்கே கடுகண்ணாவைக் கணவாய் வழியே இறங்கிக் கட்டுநாயக்கவை அடைகின்றோம். தேசாதிபதி எட்வர்ட் பான்ஸ் காலத்தில், 1820களில், கப்டன் டோசன் முன்னின்று அமைத்த பாதை அது. நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அவ்வழிக்கு மூன்று மணித்தியாலம் செல்லும். விமான நிலையத்திற் காத்திருத்தல் வேறு. அதன்பின் ஆகாயப் பயணமோ ஒரு மணி இருபது நிமிடமளவே!

இலண்டனுக்குச் சுமார் 8,700 கிலோமீற்றரைப் பதினொரு மணித்தியாலமளவிற் கடக்கும் விமானம், சென்னைக்குரிய 650 கிலோமீற்றரை ஐம்பது நிமிடத்திற் கடவாதது ஏன்? தரையில் ஊர்தல், மேலெழுதல், கீழிறங்குதல் ஆகியவற்றிற்குச் செல்லும் நேரம் எப்பயணத்திற்கும் பெரிதும் ஒன்றே. குறுகிய பயணத்தில் அதுவே பெரும்பங்காகிவிடுகின்றது.

இந்தத் தூரத்தைக் காலால் அளந்தவர்களும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்த ஏழை மக்கள், தோணியிற் கடல் கடந்து மன்னாரில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை நடந்தே வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே மாய்த்தன. கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல். தலைமன்னார்க் கப்பல் தனுஷ்கோடிப் புகையிரதத்தோடு இணைந்தது 1914இல்.

1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. அதன் பயனாக அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. கண்டிப் புகையிரத நிலையத்தில் உறவினரை வழியனுப்பியவர்களின் அழுகையை அக்காலத்தவர் இன்றும் மறந்திலர். 1980களிற் போர் மூண்டு, கப்பற் போக்குவரத்தும் நின்றது.

இன்று விமானம் நாள்தோறும் பறக்கின்றது. ஆனால் தோட்டக் கூலியை நம்பி வாழும் ஒரு குடும்பத்துக்கு அந்த ஒரு மணி இருபது நிமிடத்தின் விலை எளிதன்று. தம்பியின் மக்களை ஒருமுறையேனும் காணாத பெரியப்பாமார் நம் மலைநாட்டில் உளர்.

ஆகவே மாணவர்களுக்கு ஒன்று கூறுவோம். பாகைக் கணக்கை முடித்தபின், வீட்டிலுள்ள பாட்டனாரிடமோ பாட்டியாரிடமோ நம் முன்னோர் எவ்வழியாக, எத்தனை நாளில் இங்கு வந்தனர் என்று கேளுங்கள். அங்குள்ள உறவினர் பெயர்களையும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தூரத்தை எந்தத் தேசப்படமும் சொல்லும்; அப்பெயர்களைச் சொல்ல அவர்களே உளர்.