நண்டின் வயிறும் அக்காவின் வளையலும்

எழுதி ரொம்ப நாளாச்சு. வேலை, பனி, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு என்று சாக்கு சொல்லலாம். உண்மை சோம்பல்தான் :-) இன்னிக்கு உக்கார வச்சது என் அக்கா மகள்.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். எங்க வீடு பாறசாலைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவுல. தெருவில மலையாளம், அடுக்களையில தமிழ். கொஞ்ச தூரம் நடந்தா களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டுக்குப் போச்சு. நெய்யாற்றின்கரையையும் கேட்டாங்க, கிடைக்கல. அதனால எங்க தாத்தா கேரளாக்காரர் ஆனார், அவர் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த வீடு தமிழ்நாடு ஆச்சு. அத்தான் இன்னமும் களியக்காவிளைச் சந்தையில வாழைக்குலை வியாபாரம்தான். காலையில தமிழ்நாட்டுக்கு வேலைக்குப் போயி மத்தியானம் கேரளாவுக்குச் சாப்பிட வர்ற மனுஷன்!

அக்கா மகள் மலையாள மீடியம். தமிழ் பேசுவா, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பா. (இதை அவளே வாசிக்க ஒரு மணி நேரம் ஆகும், அதனால தைரியமா எழுதறேன்.) பிஸிக்ஸ் படிச்சா. எம்.எஸ்ஸி. படிக்கும்போது 2021-ல ஒருநாள் போன்ல, "மாமா, நான் நண்டோட வயிறு படிக்கப் போறேன்"ன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. அக்கா பின்னாலேருந்து, "அதுக்கு எதுக்கு எம்.எஸ்ஸி.? இங்க வந்து நண்டு கழுவு, நான் சொல்லித் தாரேன்"ன்னா.

விஷயம் இதுதான். நண்டு, சிங்கிறால் எல்லாம் சாப்பாட்டை வயித்துக்குள்ளதான் அரைக்கும். வயித்துக்குள்ள பல்லு மாதிரி இருக்கு (கழுவினவங்களுக்குத் தெரியும்). அந்த அரவையை நடத்தறது சுமார் முப்பதே நரம்பணுக்கள். ஈவ் மார்டர் என்கிற அமெரிக்க விஞ்ஞானி ஆயுசு பூரா இதைத்தான் ஆராய்ஞ்சிருக்காங்க. 2004-ல அவங்க குழு இதுல ஒரு சின்ன வட்டத்தைக் கம்ப்யூட்டர்ல கட்டி, இணைப்புகளையும் அணுக்களையும் மாத்தி மாத்தி 2 கோடிக்கும் மேல வகைகளை ஓட்டிப் பார்த்தாங்க. உள்ளே ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத அமைப்புகள் வெளியே ஒரே தாளத்தைத் தந்தது. அதாவது என் மூளையும் உங்க மூளையும் ஒரே வேலையைச் செய்யறதால உள்ளே ஒரே மாதிரி இருக்கணும்னு அவசியமில்லை. அவ இதைச் சொன்ன வேகத்துல எனக்கும் கொஞ்சம் பைத்தியம் பிடிச்சது.

இதுக்குப் பேரு கணக்கீட்டு நரம்பியல். ஏழை ஊருக்கு ஏத்த விஞ்ஞானம்னு நினைச்சேன். 1952-ல ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்புல மின்துடிப்பு ஓடறதுக்குச் சமன்பாடு எழுதினப்ப, கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டர் மராமத்துல இருந்ததாம். ஹக்ஸ்லி கையால சுத்தற கால்குலேட்டரை வாரக்கணக்கா சுத்தியே கணக்குப் போட்டார். 1963-ல நோபல் கிடைச்சது. பரிசோதனைக்குப் பெரிய கூடம் வேணும், ஆனா கணக்குக்கு ஒரு பழைய லேப்டாப் போதும்தானே?

ஒரு அளவுக்கு அது சரிதான். 2020-ல கொரோனாவால கோடைப் பள்ளிகள் எல்லாம் ரத்தானபோது நியூரோமேட்ச் அகாடமின்னு சிலர் ஆரம்பிச்சாங்க. மூணு வாரம், இணையம் வழியே, நாள் முழுக்க. முதல் வருஷமே ஆயிரத்து எழுநூறு பேருக்கு மேல படிச்சாங்க. நேர வலயம், மொழி பார்த்துச் சின்னக் குழுவாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் சம்பளத்துக்கு ஒரு உதவி ஆசிரியர். கட்டணம் நாட்டோட விலைவாசியைப் பொறுத்து, முடியாதவங்களுக்கு அதுவும் இல்லை. புரோகிராம் எல்லாம் கூகிளோட கம்ப்யூட்டர்ல ஓடும், நம்மகிட்ட பிரௌசர் இருந்தாப் போதும். அமெரிக்கத் தடையால ஈரான் மாணவர்களைச் சேர்க்க முடியாதுன்னு வந்தப்ப, அதுக்குன்னு அரசாங்கத்துகிட்ட தனி அனுமதி வாங்கியே சேர்த்தாங்க. 2021-ல இவ அதுல சேர்ந்தா. மழைக்காலம், கரண்டு போகும். மாடியில போனை ஜன்னல் கம்பியில கட்டி, அந்த நெட்லயே படிச்சா.

சிக்கல் அதுக்கப்புறம்தான். இந்தத் துறையில அடுத்த படி, ஆட்களோட ஒரே அறையில இருக்கறது. யாரு பக்கத்துல உக்கார்ந்து காபி குடிச்சோம்கறதுலதான் பிஎச்.டி. இடம் கிடைக்குது. 2023-ல ஐரோப்பாவுல ஒரு கோடைப் பள்ளிக்கு (பேரு வேண்டாம்) விண்ணப்பிச்சா. பிரதிநிதித்துவம் குறைந்த நாட்டு மாணவர்களுக்குப் பயண நிதி உண்டு. அதுக்கு ஒரு கேள்வி: நீங்கள் சந்தித்த தடைகளை 300 வார்த்தைகளுக்குள் எழுதவும்.

இங்கேதான் எனக்கும் அவளுக்கும் சண்டை. "வாழைக்குலையை எழுது மக்களே. ஜன்னல் கம்பியை எழுது. ரெண்டு மாநிலமும் நம்மளை அரைகுறையாத்தான் கணக்குல வச்சிருக்குன்னு எழுது"ன்னேன். இருபது வருஷமா வெளிநாட்டுல ஃபார்ம் நிரப்பினவன், என்ன எழுதினா எது கிடைக்கும்னு தெரியாதா?

"மாமா, அச்சன் குலை விக்கறது தடை இல்லை. அதுலதான் நான் படிச்சேன்"ன்னா. கடைசியில அவ எழுதினது நாலு வரி: என் கல்லூரியில இந்தத் துறையில ஆசிரியர் யாரும் இல்லை, படிச்சதெல்லாம் திரையில, சந்தேகம் கேட்க ஆள் வேணும். மிச்சம் முழுக்க நண்டு. கிடைக்காதுன்னு மனசுக்குள்ள முடிவு கட்டிட்டேன்.

கிடைச்சது. 1,200 யூரோ. நான் ஆபீஸ்ல எல்லாருக்கும் டோனட் வாங்கிக் கொடுத்தேன்.

கடிதத்தோட அடியில ஒரு வரி இருந்திருக்கு. அதை எனக்கு யாரும் சொல்லல. பயணம் முடிந்த பின், ரசீதுகளையும் போர்டிங் பாஸையும் அனுப்பினால் பணம் திருப்பித் தரப்படும். அதாவது முதல்ல நீ போடு, அப்புறம் நாங்க தர்றோம். டிக்கெட், விசாவுக்கு 80 யூரோ, கைரேகை வைக்கக் கொச்சிக்கு ஒரு நடை, இன்ஷூரன்ஸ், எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ஏப்ரல்ல அக்கா வளையல் ரெண்டையும் நெய்யாற்றின்கரையில பணயம் வச்சா. மாசம் நூத்துக்கு ஒரு ரூபா வட்டி.

ஜூலையில போயிட்டு வந்தா. ஆகஸ்டுல பேப்பர் அனுப்பினா. போர்டிங் பாஸ் ஒண்ணு மங்கிப் போச்சுன்னு திரும்பி வந்தது. அப்புறம் வங்கியோட ஸ்விஃப்ட் எண் கேட்டாங்க. எங்க ஊர்க் கிளைக்கு அது கிடையாது, பெரிய கிளை வழியா வரணும், அதுக்கு ஒரு கடிதம். பணம் வந்தது நவம்பர்ல. ஏழு மாசம், ஏழாயிரத்து எழுநூறு ரூபா வட்டி. எந்த ஃபார்ம்லயும் இதுக்கு ஒரு கட்டம் இல்லை.

டிசம்பர்ல ஊருக்குப் போனப்பதான் தெரிஞ்சது. அதுவும் அக்கா கையைப் பார்த்து, "வளையல் எப்ப மாத்தினே? புதுசு மாதிரி மின்னுதே"ன்னு நான் அசட்டுத்தனமாக் கேட்டதால. பணயத்துலேருந்து மீட்டப்ப பாலிஷ் போட்டிருக்கா.

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீ தருவே. அதான் கேக்கல்ல."

எனக்குப் பதில் வரல. 1998-ல நான் கிளம்பினப்ப அக்கா தன் சிட்டியை ஏலத்துல நஷ்டத்துக்குப் பிடிச்சுத்தான் என் டிக்கெட்டுக்குக் கொடுத்தா. அதைத் திருப்பிக் கொடுத்தேனான்னு யோசிச்சேன். மிக்ஸி வாங்கிக் கொடுத்தேன், டிவி வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பணத்தைக் கொடுத்த ஞாபகம் இல்லை.

பெரிய பணம் இந்தத் துறைக்கு வராம இல்லை. நம்ம திருவனந்தபுரத்துல பிறந்த இன்ஃபோசிஸ் கிரிஸ் கோபாலகிருஷ்ணன் 2014-ல பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸி.யில மூளை ஆராய்ச்சி மையத்துக்கு 225 கோடி கொடுத்தார். சென்னை ஐ.ஐ.டி.யிலயும் அவர் பணத்துல மூளை ஆராய்ச்சி நடக்குது. நல்ல விஷயம், குறை சொல்லல. ஆனா பாறசாலையிலேருந்து அந்த வாசல் வரைக்கும் போறதுக்கு ஆகுற ஒரு லட்சம், ஏழு மாசத்துக்கு மட்டும், அதுதான் யாருகிட்டயும் இல்லை.

பிள்ளைகளோ மருமக்களோ இப்படி விண்ணப்பிக்கிற வயசுல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நிதி கிடைச்சதும், டிக்கெட்டை நீங்களே எடுத்துத் தர முடியுமான்னு ஒரு மெயில் போடச் சொல்லுங்க. சில இடத்துல முடியும். கேட்டாத்தான் செய்வாங்க. எங்க பொண்ணு கேக்கல, கேட்டா கொடுத்ததைப் பிடுங்கிடுவாங்களோன்னு பயம். போர்டிங் பாஸை அன்னிக்கே போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்க, அந்த மை மூணு மாசத்துல பறந்துடும். ஸ்விஃப்ட் எண்ணை முன்னாடியே விசாரிச்சு வைக்கச் சொல்லுங்க.

நான் செஞ்சது சின்னது. ஒன்றரை லட்சம் ரூபாயை அக்கா பேர்ல தனியாப் போட்டு வச்சேன். தர்மம் இல்லை, கைமாத்து. போறவங்க எடுத்துக்கலாம், நிதி திரும்பி வந்ததும் போட்டுடணும். வட்டி கிடையாது. கணக்கு நோட்டு அக்கா கையில. என்னைவிட அவ கறார்.

எங்க பொண்ணு இப்ப வெளிநாட்டுல பிஎச்.டி. பண்றா, சம்பளத்தோட. நண்டை விடல. அந்தப் பணத்தை முதல்ல எடுத்தது தனுவச்சபுரத்துப் பொண்ணு ஒருத்தி, அஞ்சு மாசத்துல திருப்பிக் கட்டிட்டா. இப்ப அது பொழியூர் கடற்கரைப் பையன் ஒருத்தன்கிட்ட இருக்கு. டிக்கெட் எடுத்தாச்சு, விசா இன்னும் வரல. அக்கா தினமும் அவன் அம்மாவுக்குப் போன் பண்ணி விசாரிக்கறாளாம்.