காருக்குள் ஒளிந்த ஜாக்கி

எம்.ஜி. ஒய் டைப் என்று ஒரு கார். இங்கிலாந்தில் அபிங்டன் தொழிற்சாலையில் 1947 முதல் 1953 வரை செய்தார்கள். 1250 சி.சி. எஞ்சின், ஒரு குடும்பம் உட்காரும் அளவு. 1941-இல் வரவேண்டியது, போர் வந்து ஆறு வருடம் தள்ளிப்போட்டது. இதன் பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் சின்னதாக ஒரு கைப்பம்பு இருக்கும். எஞ்சினோடு அதற்குச் சம்பந்தமில்லை, பிரேக்கோடும் இல்லை. அடித்தால் வண்டிக்கு அடியிலிருந்து ஜாக்கிக் கால்கள் இறங்கும். சேஸிஸில் போல்ட் போட்டு மாட்டிய நான்கு கால்கள்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. முன் ஜோடியை மட்டும் இறக்கலாம், பின் ஜோடியை மட்டும் இறக்கலாம், நான்கையும் சேர்த்து இறக்கி முழு வண்டியையும் அந்தரத்தில் நிறுத்தலாம். பெயர் ஜாக்கால். ஸ்பீடோமீட்டருக்குப் பேர்போன ஸ்மித்ஸ் நிறுவனத்தின் சரக்கு.

ஜாக்கியைத் தேடி டிக்கியைக் கவிழ்க்க வேண்டாம். எங்கே முட்டுக் கொடுப்பது என்று வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்க்க வேண்டாம். வீல் நட்டைக் கழற்ற மட்டும் எப்படியும் குத்தவைத்து உட்கார்ந்துதான் ஆகவேண்டும். அதற்கு ஸ்மித்ஸிடமும் வழி இல்லை.

*

இதற்கு முன்பே, 1930-களில், எம்.ஜி. எஸ்.ஏ. போன்ற பெரிய கார்களில் இந்த ஏற்பாடு வந்துவிட்டது. 1936–39 காலத்து ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் 3-லும் வண்டியோடு சேர்ந்த ஜாக்கி உண்டு. பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், அதன் மேல் பெட்டி போன்ற பாடி, இரண்டு டன்னைத் தாண்டும் எடை. அதைத் தூக்கும் தொல்லை முதலாளிக்கா டிரைவருக்கா என்று கேட்டால், டிரைவருக்குத்தான். சின்ன ஒய் டைப்பில் டிரைவர் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஓட்டுகிறவரே வீல் மாற்றவேண்டும். அங்கேதான் இது நிஜமாகவே உதவியிருக்கும்.

*

ஒரு மனக்கணக்கு. எண்கள் நான் வசதிக்காக வைத்துக்கொண்டவை, எந்தக் காரின் அளவும் அல்ல.

வண்டி 1000 கிலோ, கால்கள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் 250 கிலோ. கால் பிஸ்டனின் பரப்பு 10 சதுர செ.மீ. என்றால் எண்ணெயில் ஏறும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 25 கிலோ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போலச் சுமார் பன்னிரண்டு மடங்கு. ஹைட்ராலிக் கணக்கில் இது பெரிய அழுத்தமே இல்லை. பம்பின் பிஸ்டன் 1 சதுர செ.மீ. இருந்தால் அதன்மேல் 25 கிலோ அழுத்தினால் போதும். ஐந்துக்கு ஒன்று என்று நெம்புகோல் வைத்தால் கைக்குத் தெரிவது 5 கிலோ. குழந்தையும் அடிக்கலாம்.

ஆனால் நான்கு கால்களும் 15 செ.மீ. இறங்க 600 மி.லி. எண்ணெய் போகவேண்டும். ஒரு அடிக்கு 3 மி.லி. தள்ளினால் 200 அடி! பாஸ்கல் விதி பலத்தைப் பெருக்கித் தரும், வேலையைக் குறைத்துத் தராது. ஒரு ஜோடியை மட்டும் இறக்கினால் பாதி அடி போதும். முன், பின் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்ததில் இருக்கும் புத்திசாலித்தனம் இந்த எண்ணிக்கையில் தெரிகிறது.

*

இன்னொரு சங்கதி, கணக்குப் போடும்போது தட்டுப்பட்டது. நான்கு கால்களுக்கும் ஒரே குழாயிலிருந்து எண்ணெய் போனால் நான்கும் ஒன்றாக எழாது. எண்ணெய் எங்கே எதிர்ப்புக் குறைவோ அங்கே முதலில் ஓடும். எஞ்சின் முன்னால் இருக்கும் வண்டியில் பின்பக்கம் லேசு. அது முதலில் கிளம்பும். அது முட்டி நின்ற பிறகுதான் முன்பக்கம் அசையும். இடது, வலது இரண்டும் ஒரே குழாயில் இருந்தால் அங்கேயும் இதே கதை: சாலை ஒருபக்கம் சரிந்திருந்தால் பாரம் கூடிய காலிலிருந்து எண்ணெய் நழுவி மற்றக் காலுக்குப் போகப் பார்க்கும். வண்டி இன்னும் சரியும். கால்கள் முழுநீளம் இறங்கி முட்டி நின்றால்தான் நிம்மதி. இன்றைய பெரிய மோட்டார் ஹோம்களில் ஒவ்வொரு காலுக்கும் தனி வால்வு வைத்து, சரிவை அளக்கும் சென்சாரையும் வைத்திருக்கிறார்கள்.

*

எண்ணெயைவிட எனக்குச் சீல்தான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஜோசப் பிராமா 1795-இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். பூட்டுக்குப் பேர்போன மனிதர். தத்துவம் பாஸ்கலுடையது, நூறு வருடத்துக்கு மேல் பழையது. யாரும் ஏன் அதுவரை செய்யவில்லை? ஒழுகும். பிஸ்டனைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் ஒழுகாது, ஆனால் பிஸ்டனும் நகராது. தளர்த்தினால் நகரும், தண்ணீர் பீறிடும். பிராமாவின் பட்டறையில் வேலை பார்த்த இளைஞர் ஹென்றி மாட்ஸ்லே இதைத் தீர்த்தார் என்று சொல்கிறார்கள். கிண்ணம்போல் மடித்த ஒரு தோல் வளையம். தண்ணீர் அழுத்தும்போது அந்த மடிப்பே விரிந்து பிஸ்டனோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் கூடக்கூடப் பிடியும் இறுகும். அழுத்தம் இல்லாதபோது தளர்ந்து வழிவிடும். எவ்வளவு எளிய யோசனை, பாருங்கள். தோல் போய் ரப்பர் வந்தது. வடிவம் அப்படியேதான் இருக்கிறது. சைக்கிள் பம்பின் தோல் வாஷரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

1851-இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் என்பவர் கையில் எடுத்துப்போகும் ஹைட்ராலிக் ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று லாரி சீட்டுக்கு அடியில் கிடக்கும் பாட்டில் ஜாக்கிக்கு அவர்தான் பாட்டனார்.

*

ஜாக்கால் ஏன் மறைந்தது? விலை, எடை, டயர் தரம் என்று காரணம் சொல்வார்கள். எல்லாம் சரி. 1949-இல் மிஷலின் ரேடியல் டயரை விற்கத் தொடங்கியது. பிறகு டியூப்லெஸ் வந்தது. குதிரை லாடத்தின் ஆணிகள் சாலையை விட்டுப் போயின. தனிச் சேஸிஸ் ஒழிந்து பாடியே சேஸிஸ் ஆனது. நான்கு கால்களை முடுக்கத் தோதான சட்டம் இல்லாமல் போயிற்று.

ஆனால் இவற்றுக்கு முன்னால் ஒன்று இருக்கிறது. வருடத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ தேவைப்படும் பொருளை, வருடம் முழுவதும் சேறும் தண்ணீரும் அடிக்கும் இடத்தில் தொங்கவிட்டார்கள். அசையாத சீல் காய்ந்துபோகும். பிஸ்டனில் துரு ஏறும். துரு ஏறிய தண்டு மேலே போய்வரும்போது சீலை அறுத்துவிடும். பஞ்சர் ஆன அன்று பம்பை அடித்தால் மூன்று கால் இறங்கும், ஒன்று இறங்காது. அல்லது இறங்கிய கால் திரும்ப ஏறாது, அது இன்னும் மோசம். டிக்கியில் கோணிச்சாக்கில் சுற்றிக் கிடக்கும் ஜாக்கிக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. வண்டியோடு சேர்த்துவிட்டதுதான் வசதி; அதுவே அதற்கு எமன்.

*

பிரெஞ்சுக்காரர்கள் இதை வேறு வழியாகப் பிடித்தார்கள். 1955 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் சிட்ரோயன் டி.எஸ். வந்தது. முதல்நாளே 12,000 பேர் பதிவு செய்தார்கள் என்பது கார் உலகத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அதன் சஸ்பென்ஷனைச் செய்தவர் பால் மாஜெஸ். இரும்பு ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு இரும்பு உருண்டை, உள்ளே நைட்ரஜன் வாயு, நடுவில் ரப்பர் திரை, மறுபக்கம் எண்ணெய். வாயு ஸ்பிரிங் வேலை பார்க்கும், எண்ணெய் உயரத்தைப் பார்த்துக்கொள்ளும். எஞ்சின் ஓட்டும் பம்பு எண்ணெயை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

இரவெல்லாம் நின்ற டி.எஸ். காலையில் தரையோடு படுத்திருக்கும். எஞ்சினைப் போட்டால் மாடு எழுகிற மாதிரி பின்பக்கம் முதலில் தூக்கும், அப்புறம் முன்பக்கம். மேலே சொன்ன அதே விதிதான். அதன் பாரமும் முன்னால்.

வீல் மாற்றும் விதம் இது. டிரைவர் பக்கத்தில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு லீவர் இருக்கிறது. அதை உச்சத்துக்குத் தள்ளினால் வண்டி முழுநீளம் எழும். பஞ்சரான பக்கத்தில், கதவுக்குக் கீழே உள்ள மேடையில் ஒரு முட்டுக் காலைப் பொருத்தவேண்டும். பிறகு லீவரை அடிமட்டத்துக்குத் தள்ளவேண்டும். வண்டி இறங்கப் பார்க்கும், முட்டு விடாது. அதனால் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரங்களும் மேலே சுருங்கிக்கொள்ளும். வண்டியைத் தூக்காமல் சக்கரத்தைத் தூக்குகிறார்கள். முதல்முறை இதை விளங்கிக்கொண்டபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

பின் சக்கரத்தை மட்கார்டு பாதி மூடியிருக்கும். அந்த மட்கார்டை முழுசாகக் கழற்றவேண்டும்; ஒரே ஒரு போல்ட். தொடக்கத்தில் சக்கரத்துக்கும் நடுவில் ஒரே பிடிப்புத்தான்.

ஜாக்கால் தோற்ற இடத்தில் இது ஏன் தோற்கவில்லை? இதில் ஜாக்கி என்று தனியாக ஒன்று இல்லை. சஸ்பென்ஷன்தான் ஜாக்கி. ஒவ்வொரு பள்ளத்திலும் மேட்டிலும் அந்தப் பிஸ்டன்கள் அசைந்தபடியே இருக்கின்றன. சீலுக்குக் காய நேரமில்லை. கோளாறு வந்தாலும் பஞ்சரான நாள்வரை ஒளிந்திருக்காது, ஓட்டும்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

குறையும் உண்டு. எஞ்சின் ஓடவேண்டும். எஞ்சினும் கிளம்பாமல் டயரும் போயிருந்தால், படுத்துக் கிடக்கும் வண்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்க இடமே கிடையாது. அந்த ஒரு நாளுக்கு எம்.ஜி.யின் கைப்பம்பு தேவலை.

*

1962 ஆகஸ்ட் 22. பாரிஸுக்கு வெளியே பெத்தி கிளமார்ட்டில் அதிபர் தெ கோல் போன டி.எஸ். மீது துப்பாக்கிச் சூடு. டயர்கள் கிழிந்தும் டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டித் தப்பித்தார். அன்று யாரும் முட்டுக் காலை எடுக்கவில்லை.

*

பந்தயக் கார்கள். லெ மான் போன்ற நீண்ட பந்தயங்களில் ஓடுகிற வண்டிகளில் ஜாக்கி உள்ளேயே இருக்கிறது. எண்ணெய் அல்ல, காற்று. பிட்டுக்குள் வந்து நின்றதும் ஒருவர் குழாயைச் செருகுவார். ஒரு கணம், வண்டி மேலே. குழாயைப் பிடுங்கினால் தொப்பென்று கீழே. எண்ணெயை இப்படி வேகமாகத் தள்ள முடியாது. ஆனால் காற்று சுருங்கும், எண்ணெய் சுருங்காது. காற்றை நம்பி அடியில் படுக்க முடியாது. வேலை நீளமாக இருந்தால் நீண்ட தண்டின் மேல் உலோகக் கவசம் மாட்டிப் பூட்டுவார்கள், காற்று போனாலும் வண்டி விழாமலிருக்க.

ஃபார்முலா 1-இல் இது இல்லை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், கையில் ஜாக்கி. எடை கிராம் கணக்கில் போகும் இடத்தில் ஆளின் தோள்பலம் வண்டியில் ஏறாது என்பது லாபம்.

*

நம் ஊர்ச் சாலையில் வண்டியோடு பிறந்த ஹைட்ராலிக் காலைப் பார்க்கவேண்டுமென்றால் ஜே.சி.பி. தோண்டுகிற இடத்துக்குப் போனால் போதும். பின்னால் இரண்டு பக்கமும் கால்களை ஊன்றிப் பின் சக்கரங்களைத் தரையிலிருந்து எடுத்துவிட்டுத்தான் வாளியை இறக்குவார் ஆபரேட்டர். கிரேனும் அப்படியே. பெரிய கிரேன் என்றால் காலுக்கு அடியில் மரக்கட்டையோ இரும்புத் தகடோ வைக்காமல் தூக்கமாட்டார்கள். பாரம் சின்ன இடத்தில் இறங்கினால் தரை உள்வாங்கும். கிரேன் காலின் சிலிண்டரிலேயே ஒரு பூட்டு வால்வு இருக்கும். குழாய் வெடித்தாலும் எண்ணெய் வெளியே வராது, கால் மடங்காது. இவையெல்லாம் தினமும் வேலை செய்கிற கால்கள். அதனால்தான் உயிரோடு இருக்கின்றன.

வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷன்களில் தரைக்குள்ளிருந்து எழும் ஒற்றைத் தூண் லிஃப்டும் இந்தக் குடும்பம்தான். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து பீட்டர் லுனாட்டி 1920-களில் அதைச் செய்தார். முடிதிருத்தும் கடை நாற்காலியைப் பார்த்து யோசனை வந்தது என்பார்கள்.

*

2020-இல் இந்தியாவில் விதி மாறியது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் இருந்தால் காரில் ஸ்டெப்னி வைக்கவேண்டியதில்லை. ஸ்டெப்னி இல்லையென்றால் ஜாக்கி எதற்கு?

காற்று சஸ்பென்ஷன் உள்ள டெஸ்லா மாடல் எஸ் போன்ற கார்களில் திரையில் 'ஜாக் மோட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் வண்டி எழும் என்று நினைக்காதீர்கள். பட்டறையில் வெளி ஜாக்கியை வைத்துத் தூக்கும்போது, உயரம் மாறிவிட்டதே என்று வண்டி தானாகத் தன்னைச் சரிசெய்யக் கிளம்பும். அதை அப்படிச் செய்யாமல் சும்மா இருக்கச் சொல்வதற்குத்தான் அந்தப் பொத்தான். தன்னைத்தானே உயர்த்தவும் தாழ்த்தவும் தெரிந்த வண்டிதான். ஆனால் சக்கரத்தைக் கழற்றவேண்டுமென்றால், பேட்டரிமேல் படாமல் ஜாக்கி வைக்கும் நான்கு இடங்களைக் கையேட்டில் பார்த்துக்கொண்டு மெக்கானிக் வருவார்.