வேகமா? இடமா?

கேம் விளையாட கம்ப்யூட்டர் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். கையில் இருக்கிற காசுக்கு வேகமான மெமரி வாங்குவதா, கூடுதல் மெமரி வாங்குவதா? எனக்கும் வந்தது. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணத்தில் அப்பா எனக்கென்று ஒதுக்கியது ஒரு மெமரிக்குத்தான் காணும். இரண்டாவது தடவை போய் நிற்க முடியாது.

என்னுடையது ரைசன் 5 5600ஜி. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. டி.டி.ஆர்.4, 3200 வேகத்தில் ஒரே ஒரு 8 ஜி.பி. ஜி.டி.ஏ. 5 ஓடும். பின்னால் பிரௌசரும் ஆட்டோகேடும் திறந்திருந்தால் படம் திக்கித் திக்கி நிற்கும். "3600 வாங்குடா மாப்ளே, சும்மா பறக்கும்" என்றான் பக்கத்து சீட்டு நண்பன். "தம்பி, இன்னொரு 8 போட்டுக்குங்க, போதும்" என்றார் திருவாரூர் கடைக்காரர். யார் சொல்வது சரி? பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

முதலில் இடம். எங்கள் கீழ்வேளூர் பக்கம் அறுவடை நேரத்தில் வந்து பாருங்கள். களத்தில் இடமில்லை என்றால் நெல்லை ரோட்டில் கொட்டித்தான் காயவைப்பார்கள். ஆள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் களம் பெரிசாகுமா? மெமரியும் அப்படித்தான். அது நிறைந்துவிட்டால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும். மெமரியில் நானோ செகண்ட் கணக்கு. எஸ்.எஸ்.டி.யில் மைக்ரோ செகண்ட், ஹார்டு டிஸ்க்கில் மில்லி செகண்ட்! போதாக்குறைக்கு, தனி கார்டு இல்லாத மெஷினில் கிராபிக்ஸும் அதே 8 ஜி.பி.யில் பங்கு கேட்கும்.

அடுத்து வேகம். 3200 மெமரி வினாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜி.பி. தரும். 3600 என்றால் 28.8. எட்டில் ஒரு பங்குதான் கூடுதல். ஆனால் 3200-லேயே இரண்டை ஜோடியாகப் போட்டால் டூயல் சேனல் ஆகி 51.2! சரி, தாமதம்? சி.எல். எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுங்கள். 3200 சி.எல்.16-க்கும் 10 நானோ செகண்ட், 3600 சி.எல்.18-க்கும் அதே 10. அப்புறம் என்ன, இன்னொரு 8 வாங்கிப் போட்டேன். திக்கல் நின்றது.

'8 போதாதா?' என்பீர்கள். 1995-ல் வந்த விண்டோஸ் 95 குறைந்தது 4 எம்.பி. கேட்டது. 2021-ல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜி.பி. சரியாக 1024 மடங்கு! 2022-ல் வந்த எல்டன் ரிங் கேமுக்குக் குறைந்தபட்சமே 12 ஜி.பி.

அதற்காக வேகம் வீண் என்று சொல்ல வரவில்லை. 16 இருந்து, விளையாடும்போதும் இடம் மிச்சமிருந்தால் அப்போது வேகத்துக்குச் செலவு செய்யலாம். புதிதாக வாங்குகிறவர்கள் ஒரே 16-க்குப் பதில் இரண்டு 8 வாங்குங்கள். டி.டி.ஆர்.4 போர்டில் டி.டி.ஆர்.5 உட்காராது. வேகமான மெமரி வாங்கியும் பயாஸில் எக்ஸ்.எம்.பி.யை ஆன் செய்யாவிட்டால் அது பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்!

2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களின் தேவையால் மெமரி விலை எகிறியது நமக்கெல்லாம் தெரியும். ஆகவே நண்பர்களே, கடைக்குப் போகுமுன் கேமை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி நிறைந்திருந்தால் இடம். நிறையவில்லை என்றால் வேகம். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். இது அப்பா வியர்வையில் வந்த காசு!