கிடாருக்குள் மைக் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் எலக்ட்ரிக் கிடார் வாங்கியிருக்கிறான். கம்பி மாற்றுவதற்காக அதைக் கட்டிலில் கிடத்தியிருந்தான். திருப்புளியை எடுத்து நீட்டினேன். கம்பிகளுக்குக் கீழே இருந்த பட்டையில் அது டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"காந்தம் அம்மாச்சி. அதைச் சுத்தி செப்புக் கம்பி இருக்கு" என்றான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காந்தத்தைக் கம்பிச் சுருளுக்குள் நுழைத்து இழுத்தால் கால்வனாமீட்டர் முள் ஆடும். 1831-ல் ஃபாரடே கண்டது. உங்களில் எத்தனை பேருக்கு நடத்தியிருப்பேன்! கிடாரில் காந்தமும் சுருளும் அசையாமல் இருக்கின்றன. மேலே எஃகுக் கம்பி அதிர்கிறது. காந்தத்தின் அருகில் இருப்பதால் அந்தக் கம்பிக்கும் காந்தத்தன்மை வந்துவிடுகிறது. அது அதிர அதிர, சுருளின் வழியே போகும் காந்தப்புலம் கூடிக் குறைந்து, சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறார்கள். நைலான் கம்பி கட்டினால் இந்த வழியில் சத்தமே வராது.

பேரனைக் கேள்வி கேட்டே துளைத்துவிட்டேன். அப்புறம் நானே தேடிப் படித்தேன்.

1920-களில் அமெரிக்க நடன அரங்குகளில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும்போது பாவம், கிடார் காதில் விழாது. ஜார்ஜ் பீச்சம் என்ற ஹவாய் கிடார் கலைஞர் இதற்கு வழி தேடினார். சுருள் சுற்றுவதற்கு வீட்டு வாஷிங் மெஷின் மோட்டாரைப் பயன்படுத்தினாராம்! லாட வடிவக் காந்தங்கள் இரண்டை வைத்து 1931-ல் செய்து முடித்தார். ஃபாரடேக்குச் சரியாக 100 ஆண்டுகள் கழித்து. வட்ட உடம்பும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர். அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து 1932-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். காப்புரிமை கிடைக்க 1937 ஆகிவிட்டது. அதற்குள் மற்றவர்களும் செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர், இனி கிடாரும் தனியாக முன்னால் நின்று பாடலாம் என்று காட்டினார். 1942-ல் காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது 25.

அடுத்த தொல்லை ஊளைச் சத்தம். ஆண்டு விழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கூ' என்று கத்துமே, அதுதான். உள்ளே கூடாக இருக்கும் கிடார் உடம்பு ஸ்பீக்கர் சத்தத்துக்குத் தானும் அதிர்ந்துவிடும். லெஸ் பால் ஒரு பைன் மரக்கட்டையில் கம்பிகளைக் கட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை என்பதால் ஒரு கிடாரை அறுத்து இரண்டு பக்கமும் ஒட்டவைத்தார். 1950-ல் ரேடியோ ரிப்பேர் செய்துவந்த லியோ ஃபெண்டர், கெட்டியான பலகையில் கழுத்தை நான்கு திருகாணிகளால் மாட்டி விற்றார். கெட்டுப்போனால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், மெக்கானிக் புத்தி! அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது. 1954-ல் அவர் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம்தான் பேரன் கையில் இருப்பதும்.

எனக்கு மிகவும் பிடித்தது கிப்சன் கம்பெனியின் சேத் லவர் 1955-ல் செய்தது. சுருள் கம்பியின் அதிர்வை மட்டும் எடுக்காது, சுற்றியுள்ள மின்சார இரைச்சலையும் சேர்த்து இழுக்கும். அவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தார். காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கம்பியின் ஒலி மட்டும் கூடும். கணக்கில் எதிர்க்குறி போடத் திணறிய பிள்ளைகளுக்கு இதைக் காட்டியிருக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1990 வாக்கில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான், "டீச்சர், கரண்டு கிடார்ல சத்தம் எப்படி வயர்ல போகுது?" அவன் சித்தப்பா திருவிழாக் கச்சேரிகளில் வாசிப்பவர். "உள்ளே மைக் இருக்கும்" என்றேன்.

"மைக் இல்ல டீச்சர். நான் கழட்டிப் பாத்தேன். காந்தமும் கம்பியும்தான் இருக்கு."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "கழட்டுற வேலையை விட்டுட்டுப் புத்தகத்தைத் திற" என்று உட்காரவைத்தேன். அதே மாதம் காந்தமும் சுருளும் கொண்டுவந்து முள்ளை ஆட்டிக் காட்டினேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடம் முழுவதும் அவன் கை தூக்கவே இல்லை.

பெயரை இங்கே போடவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு யாரென்று தெரியும். யாரிடமாவது அவன் நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன், பேச வேண்டும்.