கழுத்தில் ஒரு நெல்லிக்காய்

அம்மா தண்ணீர் குடிக்கையில்தான் கவனித்தேன். விழுங்கும்போது குரல்வளையோடு சேர்ந்து ஒரு நெல்லிக்காய் ஏறி இறங்கியது. தைராய்டுக் கட்டியின் அடையாளமே அந்த ஏற்ற இறக்கம்தானாம். மூன்று மாதமாகச் சேலைத் தலைப்பால் மறைத்து வந்திருக்கிறாள். பெரியம்மா கழுத்துக் கட்டியோடு இறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே யாரும் உச்சரிப்பதில்லை.

கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்கு அழைத்துப் போனேன். (1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது அது.) டி.எஸ்.எச். அளவு இயல்பாக இருந்தது. அல்ட்ராசவுண்டில் நீர் கறுப்பாகத் தெரிந்தது. ஓரத்தில் சிறிது சதை. நீர் மட்டுமேயான கட்டியில் புற்று மிக அரிது. சதை கலந்திருந்தால் ஐயம் தீர்த்தாக வேண்டும். மெல்லிய ஊசியால் நீரை உறிஞ்சி, சதையிலிருந்தும் செல்கள் எடுத்தார்கள். வந்தது பழைய இரத்தம் கலந்த, காப்பி டிகாக்‌ஷன் நிறத் திரவம்.

"இதுக்கா இவ்வளவு பயந்தேன்?" என்றாள் அம்மா. நான் பதில் சொல்லவில்லை, முடிவு வரவேண்டியிருந்தது. அந்த நாட்களில் இருவரும் தேவைக்கு அதிகமாகவே பேசிக்கொண்டோம், எல்லாவற்றையும் பற்றி, அதைத் தவிர.

தீங்கற்றது என்று வந்தது. நீர் மறுபடி ஊறுவதுண்டு. ஊறினால் எத்தனால் செலுத்திச் சுருக்கலாம், பெரிதானால் அறுவை.

திரும்புகையில், ராஜீவ் காந்தி சிலையருகே அம்மா கேட்டாள்: "அக்காவுக்கும் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாமோ?"